லோடிங் டாக்கில் ஒரு படையல்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மீன் வாங்கி வரச் சொன்னாள். நீங்கள் அமெரிக்காவில் இந்த பே ஏரியாப் பக்கம் வந்திருந்தால் தெரிந்திருக்கும். நல்ல மீனும் பிஞ்சுக் கத்தரிக்காயும் வேண்டுமென்றால் இந்தியக் கடைக்குப் போய்ப் புண்ணியமில்லை, சீனக் கடைக்குத்தான் போக வேண்டும். மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நம்பர் சீட்டோடு உலாத்திக்கொண்டிருந்தேன். மூன் கேக் டப்பாக்களுக்குப் பக்கத்து அலமாரியில், நடுவில் தங்க ரேக்கு ஒட்டிய மஞ்சள் காகிதக் கட்டுகள். அதற்குக் கீழே ஊதுபத்தி. நம் ஊதுபத்தி மாதிரி மல்லிகை, ரோஜா என்று எந்தப் பகட்டும் கிடையாது. வெறும் கட்டை வாசம். மழையில் நனைந்து பிறகு வெயிலில் காய்ந்த மரப்பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. என் நம்பரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. நேராகக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"மீனு எங்கீங்க?" என்றாள் மனைவி.

"மறந்துட்டேன்."

"மீன் வாங்கப் போய் மீனை மறந்தீங்களா?"

சிரித்துச் சமாளித்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்குப் பக்தி வராது, பசி வராது, வெட்கம்தான் வரும். இத்தனை வருஷமாகியும் காது மடல் சூடாகிவிடுகிறது. அவளுக்குக்கூட இந்தக் கதையை நான் முழுசாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சன்னிவேலில் ஒரு கம்பெனியில் இருந்தேன். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள் செய்தோம். பீட்சா டப்பா அளவில் இருக்கும், விமானம் கிளம்புகிற மாதிரி இரையும். அந்தப் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கும் லேபில் எனக்குப் பக்கத்து மேசை சூஃபென்னுடையது. தைவானில் தைனான் என்கிற ஊர்க்காரி. என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ மூத்தவள். பேட்ஜில் 'சூசன்' என்று போட்டிருக்கும். "அவங்க நாக்குக்குச் சுலபமா இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன்" என்பாள். என் பெயரையும் அப்படித்தான் வாலை வெட்டி வைத்திருந்தேன் என்பதால், ஒருவரையொருவர் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்களுக்குள் ஒரு சின்ன மரியாதையாக இருந்தது.

லேபில் ஏசி எலும்பைத் தொடும். ஆகஸ்ட் மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட வெளியே போய் வெயிலில் உட்காருவோம். அவள் டீயில் வேகவைத்த முட்டை கொண்டு வருவாள், நான் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். ஊறுகாயை முதல்முறை நாக்கில் வைத்துவிட்டு "இது எந்த வியாதிக்கு?" என்று கேட்டாள். அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் இரண்டு விதமாக நொண்டும். ஆனாலும் எதுவும் புரியாமல் போனதில்லை.

அந்த வருஷம் மார்ச்சில் என் அப்பா போய்விட்டார். கோபிச்செட்டிபாளையத்தில், மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இங்கே காலை ஏழு மணி, நான் முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கிறேன். போனில் அம்மா அழவில்லை. "அப்பா போயிட்டாருங் கண்ணு" என்றாள். அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது என்னிடமும் அவள் 'ங்' போட்டுத்தான் பேசுவாள். "ஐஸ் வெச்சிருக்குது. நீ நாளானைக்குள்ள வந்துருவியா?"

அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு பெரிய வாடிக்கையாளர் முன்னால் எங்கள் புதுப் பெட்டியை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. ஓட்டிக் காட்டப் போகிறவன் நான். நான் போய்விட்டால் அந்த இடத்தில் இன்னொருவன் நிற்பான். அவன் பேச்சில் கெட்டிக்காரன். நின்றால் நின்றதுதான், டீம் லீடர் பதவி அவனுக்குப் போய்விடும். இதெல்லாம் என் மனதில் ஓடி முடிய எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்கிறீர்கள்? நுரை காய்வதற்குள் முடிந்துவிட்டது.

"விசா சிக்கல்ம்மா. இப்ப வெளிய வந்தா திரும்பி உள்ள விட மாட்டாங்க."

பொய். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை அடுத்த வருஷம்வரை செல்லும். மேலதிகாரி டேவ் நல்ல மனிதர். நான் ஆபீஸ் போய்ச் செய்தியைச் சொன்னதும், "இன்னைக்கே கிளம்பு, ரெண்டு வாரம் எடுத்துக்கோ" என்றார். "பரவாயில்லை, டெமோவை முடிச்சுட்டுப் பார்க்கலாம்" என்று சொன்னது நான். அவர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலில் நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போனில் அந்தப் பொய்யைக் கேட்ட அம்மா, "அங்கத்த கவர்மெண்ட்டு விடலீன்னா நீயென்ன பண்ணுவே சாமி. நீ நேரத்துக்குச் சாப்புடு" என்றாள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். டெமோ நன்றாக நடந்தது. ஜூனில் டீம் லீடர் ஆனேன்.

சூஃபென்னுக்கு விஷயம் தெரிந்த அன்று, "நீ ஏன் போகலை?" என்று கேட்டாள். நாக்கில் அந்த வார்த்தை தயாராக இருந்தது. "விசா" என்றேன். அவள் கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முந்தின வருஷம் அவள் அம்மா தைனானில் இறந்திருந்தாள். சூஃபென்னின் க்ரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் இருந்தது. பயண அனுமதித் தாள் வந்து சேரவில்லை. போனால் திரும்ப முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அவளுக்கு அது உண்மையாகவே நடந்தது. "நீயும் நானும் ஒண்ணு" என்றாள். "ஒண்ணு, ஒண்ணு" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து அவள் டப்பாவில் இரண்டு முட்டை இருக்கும்.

ஒருவர் நம்மீது வைக்கிற இரக்கத்தைப் பொய் சொல்லி வாங்கியிருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, அனுபவிக்கவும் முடியாது. முட்டை மட்டும் நன்றாக இருந்தது. தின்றேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் தங்க ரேக்குக் காகிதங்களைப் படகு மாதிரி மடித்துக்கொண்டிருந்தாள். எரித்தால் செத்தவர்களுக்குப் பணமாகப் போய்ச் சேருமாம். "ஏழாம் மாசம்" என்றாள். அவர்கள் பஞ்சாங்கத்தில் ஏழாவது மாதம் வந்தால் மேலுலகமோ கீழுலகமோ அதன் கதவு திறந்துவிடுமாம். போனவர்கள் எல்லாரும் ஒரு மாதம் விடுமுறையில் வருவார்களாம். பௌர்ணமி அன்று மேசை போட்டுப் படைக்க வேண்டும். பிள்ளைகுட்டி உள்ளவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாருமே இல்லாதவர்கள் தெருவில் அலைவார்கள். அவர்களுக்காக வாசலுக்கு வெளியே தனி மேசை. அவர்களைப் பேய் என்று வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. 'நல்ல சகோதரர்கள்' என்றுதான் சொல்ல வேண்டும்.

"எங்க ஆடி அமாவாசை மாதிரி" என்றேன்.

"மாதிரி இல்லை. இது உங்க ஊர்ல இருந்து வந்ததுதான். மூலியன் உங்க ஊர்க்காரன்."

யார் அந்த மூலியன் என்று கேட்டேன். அவளுக்கு அதிர்ச்சி. நம்மிடம் ஒரு வெள்ளைக்காரன் வந்து ராமன் யார் என்று கேட்டால்கூட நாம் அப்படிப் பார்க்க மாட்டோம். ராமனைத் தெரியாத இந்தியனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு சொன்னாள். புத்தரின் சீடன். தவ வலிமையில் பெரியவன். தன் அம்மா செத்து எங்கே போனாள் என்று தேடிக்கொண்டு கீழுலகம்வரை போனான். பசித்த ஆவிகளுக்கு நடுவே அம்மா இருந்தாள், எலும்பும் தோலுமாக. தொண்டை ஊசி முனை அளவு. ஒரு கிண்ணம் சோறு கொடுத்தான். வாய்க்குப் பக்கத்தில் போனதும் சோறு நெருப்புக் கங்காகிவிட்டது. அழுதுகொண்டு புத்தரிடம் ஓடினான். மழைக்காலம் மூன்று மாதம் துறவிகள் ஓரிடத்தில் தங்கி, முடித்து வெளியே வரும் பௌர்ணமி அன்று அவர்கள் எல்லாருக்கும் சோறு போடு, அந்தப் புண்ணியம் உன் அம்மாவுக்குப் போய்ச் சேரும் என்றார் புத்தர். அப்படித்தான் ஆரம்பித்ததாம்.

மௌத்கல்யாயனர் என்ற பெயர்தான் அங்கே போய் மூலியன் ஆகியிருக்கிறது என்று பின்னால் ஒரு நாள் நூலகத்தில் தேடித் தெரிந்துகொண்டேன். அன்று சூஃபென்னுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. அவர்கள் ஊரின் இன்னொரு மதமான தாவோ மார்க்கத்தார் இதை ஒப்புக்கொள்வதில்லையாம். அது பூமிக்கு அதிகாரியான தெய்வத்தின் பிறந்தநாள், பாவங்களை விசாரித்து மன்னிக்கிற நாள், புத்தருக்கு இதில் வேலையே இல்லை என்பார்களாம். "எங்க அம்மாகிட்ட எது சரின்னு கேட்டேன். ரெண்டும் ஒரே நாள்தானே, வாயை மூடு, சோறு ஆறிப்போகுதுன்னாங்க."

சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவள், "அம்மாவுக்காக நரகம்வரைக்கும் போயிருக்கான், பாரு" என்றாள்.

எங்கள் ஊர்க்காரர் நரகம்வரைக்கும் போயிருக்கிறார். நான் கோபிச்செட்டிபாளையத்துக்குப் போகவில்லை.

அவளுடைய அபார்ட்மெண்டில் பால்கனியில் நெருப்பு வைக்கக் கூடாது. அதனால் ஆபீஸுக்குப் பின்னால், லாரிகள் வந்து பெட்டி இறக்கும் லோடிங் டாக்கில் படைக்கலாம் என்று முடிவு செய்தாள். தைவானில் கம்பெனி வாசலிலேயே மேசை போடுவார்களாம், மேனேஜரே ஊதுபத்தி பிடித்துக்கொண்டு முன்னால் நிற்பாராம். "உன் அப்பாவையும் கூப்பிடுவோம். பேர் சொல்லு."

"நாச்சிமுத்து."

நான்கைந்து முறை சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு அசைக்கும் ஒரு எழுத்துத் தேடினாள். ஓசை ஒத்துப்போனாலும் பொருள் மோசமாக இருந்தால் அடித்துவிட்டு வேறு எழுத்துப் போட்டாள். அப்பாவின் பெயர் மேலிருந்து கீழாக, அடுக்கடுக்காக மாடி வீடு மாதிரி நின்றது. மின்கம்பம் ஏறிய மனிதருக்குப் பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பௌர்ணமி அன்று பிற்பகல் மூன்று மணி. மடக்கு மேசையில் வேகவைத்த முழுக் கோழி, ஆரஞ்சு, பாக்கெட் நூடுல்ஸ், பிஸ்கட், சின்னச் சின்னக் கிண்ணத்தில் அரிசி மது. கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், மடித்த துண்டு, ஒரு சீப்பு. தூரத்திலிருந்து வருகிறவர்கள் முகம் கழுவித் தலைவாரிக்கொள்ள வேண்டாமா என்றாள். செத்தவர்களுக்குச் சீப்பு வைக்கும் அந்த நினைப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

நான் என் பங்குக்கு இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போயிருந்தேன். வாழைப்பழம் இல்லாமல் நமக்கு என்ன படையல்? அவள் பதறிப்போனாள். வாழைப்பழம் வேறு சில பழங்களோடு சேர்ந்தால் அவர்கள் மொழியில் 'உன்னை வா என்கிறேன்' என்று ஒலிக்குமாம். தெருவில் போகிற அத்தனை பேரும் வந்து ஒட்டிக்கொள்வார்களாம். பழம் என் காருக்கே திரும்பிப் போனது. அதே நேரம் ஒரு காக்கை வந்து டாக்கின் கம்பியில் உட்கார்ந்தது. அவள் கையை ஓங்கினாள். இப்போது பதறியது நான். "விரட்டாதே! எங்க ஊர்ல அதுதான் அப்பா." அவள் காக்கையை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒரு பிஸ்கட்டை உடைத்து மேசை ஓரத்தில் வைத்தாள். "நாச்சிமுத்து, சாப்பிடுங்க" என்றாள்.

எத்தனை மாதமாக அழாமல் இருந்தேனோ, அப்போதுதான் கண் கலங்கியது.

ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஊதுபத்தி குத்தினாள். பெயர் எழுதிய இரண்டு காகிதங்களை மேசை மேல் வைத்தாள், ஒன்று அவள் அம்மாவுக்கு, ஒன்று என் அப்பாவுக்கு. தகர வாளியில் தங்கக் காகிதம் எரிய ஆரம்பித்தபோது இரும்புக் கதவு திறந்தது. கட்டடத்தின் பாதுகாப்பு ஆள் ஒருவரும் அவர் பின்னால் டேவும் வந்தார்கள்.

"யார் இங்கே நெருப்பு வெச்சது?"

நான் கையில் ஊதுபத்தியோடு நிற்கிறேன். அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். "இது சூசன் செய்யறது. நான் சும்மா பார்க்க வந்தேன்" என்றேன்.

சூசன் என்று சொன்னேன். அதுவரை அவளிடம் நான் அந்தப் பெயரை உபயோகித்ததே இல்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. நான் பயந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றத்தான் டேவிடம் ஓரடி முன்னால் போனாள். "அவனைத் திட்டாதீங்க. அவன் அப்பாவுக்காக. பாவம், விசா இல்லாம அவனால போகவே முடியலை."

டேவ் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அவர் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. "விசாவா? நான்தான் அன்னைக்கே உன்னைப் போகச் சொன்னேனே? நீதானே டெமோ முடியட்டும்னே?"

பாதுகாப்பு ஆள், விருந்தாளிகளுக்கு வைத்த தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வாளியில் கவிழ்த்தார். 'உஸ்' என்று புகை வந்தது. மேசையை உடனே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

தரையெல்லாம் கரித்தண்ணீர். காற்றில் பறந்து கீழே விழுந்திருந்த அப்பாவின் காகிதத்தை சூஃபென் எடுத்தாள். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். துண்டால் ஒற்றி ஈரத்தை எடுத்து, ஆரஞ்சுத் தட்டுக்கு அடியில் செருகினாள்.

"சூஃபென்" என்றேன்.

"உன் அப்பா பொய் சொல்லலையே" என்றாள். "அவர் சாப்பிட்டு முடிக்கட்டும். ஊதுபத்தி அணையறவரைக்கும் மேசையை எடுக்கக் கூடாது. நீ போ."

போனேன். அதைத்தான் சொல்ல வெட்கமாயிருக்கிறது. நின்றிருக்கலாம். எனக்கு மீட்டிங் எதுவும் இல்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். என் அப்பாவுக்கு முன்னால் அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை என் மேசை மேல் ஒரு ஆரஞ்சும் ஒரு பாக்கெட் நூடுல்ஸும் இருந்தன. படைத்ததைப் பங்கிட்டுத்தான் உண்ண வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். என் பங்கை என்னிடம் சேர்த்துவிட்டாள். அந்த ஆரஞ்சை உரிக்கக் கை வரவில்லை. டிராயரில் கிடந்து சுருங்கி, கல் மாதிரி ஆனபிறகு குப்பையில் போட்டேன். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நானும் அங்கே இருந்தேன், நானும் பொறுப்பு என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கக் கூடாதா? மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அழித்தேன். டீம் லீடர் அல்லவா. அதற்கப்புறம் அவள் டப்பாவில் ஒரே முட்டைதான். அடுத்த வசந்தத்தில் டெக்ஸாஸில் எங்கேயோ வேலை கிடைத்துப் போய்விட்டாள். வழியனுப்பும் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போனேன். பவானி கூடுதுறையில் என்னை உட்கார வைத்துத் திதி கொடுத்தார்கள். அம்மா பின்னால் நின்றுகொண்டு அய்யரிடம், "போன வருசம் வர முடியலீங்க. அந்த ஊருக்காரங்க பையனை உடவே இல்லீங்க" என்றாள்.

"அம்மா, அது வந்து..." என்று திரும்பினேன்.

"பேசாம எள்ளுத் தண்ணியை உடு கண்ணு. அவரு தாகத்தோட இருப்பாருங்."

விட்டேன். ஆறு வாங்கிக்கொண்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மா கடைசிவரை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அமெரிக்க சர்க்காரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அவள் போனபோது முதல் விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். அதை ஒரு பெருமையாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. இடித்துவிட்டு ஆறு மாடிக் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். லோடிங் டாக் இருந்த இடத்தில் எலெக்ட்ரிக் கார்கள் வரிசையாக நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்கின்றன. எண்களைச் சுரண்டி இந்தியாவுக்குப் பேசும் போன் கார்டுகள் இல்லை. நாங்கள் செய்த பெட்டிகளை இன்று யாரும் செய்வதில்லை. சூசன் என்ற பெயரில் எத்தனையோ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆடி அமாவாசைக்கு வீட்டில் இலை போடும்போது நான்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்றவர்கள், அம்மாவைப் பெற்றவர்கள். கடைசியில் தைனானிலிருந்து ஒரு அம்மாவையும் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் ஆசையாக இருக்கிறது. அன்று மேசை மேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. அவள் அம்மாவின் காகிதத்தில் எழுதியிருந்த பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை.